இஷ்பெல் எங்க இருக்கா?

இஷ்பெல் ரென்விக் தன் நிழலைக்கூடத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நடப்பாள். மீன் வறுவல் கடையில் பொட்டலத்தை அங்கேயே பிரித்து மீனின் நீளத்தைப் பார்ப்பாள். கேன்டீனில் பாலை மோந்து பார்க்காமல் டீயில் ஊற்றமாட்டாள். அவள் புருஷன் டேவி ஒரு தடவை என்னிடம் சொன்னான்: "என்னைக் கட்டிக்கிறேன்னு சொல்றதுக்கு முன்னாடி எங்க அம்மாவைத் தனியா கூப்பிட்டு விசாரிச்சா, கென்னி. அம்மா சொன்னதையும் நம்பல. பக்கத்து வீட்லயும் போய்க் கேட்டா."

லீத் துறைமுகத்துப் பெண். இருபது வருடம் எடின்பரோவில் பேருந்து ஓட்டினாள். அங்கே பயணச்சீட்டு இல்லாமல் ஏறியவர்களின் முகத்தையே படித்துப் படித்து இந்தப் புத்தி வந்தது என்பார்கள். எனக்கென்னவோ பிறவியிலேயே வந்தது என்றுதான் தோன்றும். பிறகு அரசாங்கக் கார் பிரிவுக்கு மாறி, மந்திரிகளுக்கு ஓட்டத் தொடங்கினாள். நான் சொல்லும் அந்த மே மாதம் அவளுக்கு இங்கே பதினான்காவது வருடம். ஓய்வுக்கு இன்னும் இரண்டு இருந்தது.

கார் யார்டின் ஓரத்தில் ஒரு ஜன்னல், ஒரு தொலைபேசி, சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அவற்றின் பின்னால் நான். எந்தக் கார் எந்த மந்திரிக்கு, எங்கே போகிறது, எப்போது திரும்பும் என்று பலகையில் எழுதுவதும், சாவியை எடுத்துக் கொடுப்பதும்தான் என் வேலை. மற்றவர்கள் சாவி கொடுத்தால் இஷ்பெல் அதன் வில்லையிலுள்ள எண்ணைப் படித்து, யார்டுக்குப் போய்க் கார் எண்ணோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் கதவைத் திறப்பாள். நான் கொடுத்தால் பார்க்காமலே கோட்டுப் பையில் போட்டுக்கொள்வாள். பதினொரு வருடமாக அப்படித்தான். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. இல்லை என்றால் பொய்.

எங்கள் பிரிவில் ஒரு கட்டளை இருக்கிறது. ஆட்சி மாறினால் பழைய மந்திரிகளின் கோப்புகளைப் பூட்டிவிடுவார்கள். புது மந்திரி கேட்டாலும் காட்டமாட்டார்கள். அதிகாரிகளுக்கு அது காகிதத்தோடு முடிந்தது. ஓட்டுநர்களுக்கு வாயையும் பூட்ட வேண்டும். பழையவர் யாரோடு பேசினார், எங்கே இறங்கினார், என்ன தின்றார், எதுவும் புதியவர் காதில் விழக்கூடாது. இஷ்பெல் அதை வேதவாக்காக வைத்திருந்தாள். நான் அதை அவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த மே மாதத் தேர்தலில் யாரும் ஜெயிக்கவில்லை. எங்கள் பாராளுமன்றத்தில் நூற்றி இருபத்தொன்பது பேர். எட்டு வருடம் ஆண்ட பழைய கட்சிக்கு நாற்பத்தேழு. புதுக் கட்சிக்கு நாற்பத்தெட்டு. ஒரே ஒரு இடம் அதிகம். ஆட்சி நடத்த அறுபத்தைந்தாவது வேண்டும். பத்து நாள் எல்லாரும் எல்லாரோடும் பேசினார்கள். யாரும் யாரோடும் சேரவில்லை. கடைசியில் மற்றவர்கள் ஓட்டுப் போடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார, நாற்பத்தெட்டை வைத்துக்கொண்டே புதுக் கட்சி ஆட்சி அமைத்தது. மறுநாள் மந்திரிகளின் பெயர்களையும் சபை ஒப்புக்கொண்டது. மொத்தம் ஆறு பேர். பழைய மந்திரிசபைக்குப் பதினொரு கார் போனது. ஆறு பேரையும் ஒரு வேனிலேயே ஏற்றிவிடலாம், போகிற வழியில் கவிழ்ந்தால் ஒரே செலவு என்று யார்டில் கேலி செய்தார்கள்.

இஷ்பெல் எட்டு வருடம் ஓட்டியது ராடி டன்பாருக்கு. பழைய ஆட்சியின் மூத்த மந்திரி. இனிக்க இனிக்கப் பேசுவார். அவரை நான் பக்கத்தில் நின்று பார்த்தது கிடையாது. எனக்கு அவர் ஒரு குரல், அவ்வளவுதான். கூட்டம் முடிந்ததும் யார்டுக்குக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்பார்: "கென்னி, இஷ்பெல் எங்க இருக்கா?" நான் பலகையைப் பார்த்துச் சொல்வேன். ஒரு நாளைக்கு நாலு தடவைகூட நடக்கும். ஆட்சி போன அன்று மாலையே அவர் கார் திரும்பி வந்துவிட்டது. அவர் பேருந்தில் வீட்டுக்குப் போனார் என்று கேள்விப்பட்டு இஷ்பெல் சொன்னாள்: "ஏறத் தெரியும். இறங்கறதுக்கு மணி அடிக்கணும்னு யாராவது சொல்லியிருப்பாங்களா?"

புது மந்திரிகளில் கட்ரீனா லோகனை நான் பலகையில் இஷ்பெலுக்கு எழுதினேன். சபையில் ஒவ்வொரு ஓட்டாகத் தேடிச் சேர்ப்பது லோகனுடைய பொறுப்பு. சிறுபான்மை ஆட்சியில் அதைவிடச் சள்ளை பிடித்த வேலை கிடையாது. சிரித்தவர்கள் எல்லாரும் ஓட்டுப் போடுவார்களா, போடுபவர்கள் எதற்காகப் போடுகிறார்கள் என்று யோசித்து யோசித்தே அந்த அம்மாளின் நெற்றியில் இரண்டு கோடு விழுந்திருந்தது.

முதல் நாள் காலையிலேயே கோளாறு ஆரம்பித்தது. லோகனின் வீட்டிலிருந்து மார்னிங்சைடு வழியாகத்தான் ஊருக்குள் வரவேண்டும். தேவாலயத்துக்கு அப்புறம் நேரே போகவேண்டிய கார், இடது பக்கம் திரும்பி, இரண்டாவது சந்தில் நுழைந்து, பச்சைக் கதவு போட்ட ஒரு வீட்டின் முன்னால் நின்றது. எட்டு வருடப் பழக்கம். ராடி டன்பார் இரவு அங்கியோடு குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு உருட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் பழக்கதோஷம்தான், தொட்டியை விட்டுவிட்டு வந்து காரின் பின்கதவில் கை வைத்துவிட்டார். உள்ளே லோகன்.

இதை இஷ்பெலே என்னிடம் சொன்னாள், சிரிக்காமல். டன்பார் குனிந்து, "ஓ, இடம் நிறைஞ்சிடுச்சு போல" என்று சொல்லி வணக்கம் வைத்தாராம். பாராளுமன்றத்தில் இறங்கும்போது லோகன் கேட்டார்: "இதுவும் இன்னைக்கு நிகழ்ச்சி நிரல்ல இருந்துதா?"

"இல்ல மினிஸ்டர். கைப்பழக்கம்."

"கை மட்டும்தானே?"

அந்தக் கேள்வியை இஷ்பெல் மறக்கவில்லை. அந்த வாரமே லோகன் மூன்று தடவை டன்பாரைப் பற்றித் தூண்டில் போட்டுப் பார்த்தார். அவர் காரில் யாரோடு பேசுவார், எந்தெந்த உறுப்பினர் வீட்டுக்குப் போவார் என்று. கட்டளைப்படி இஷ்பெல் மூன்று தடவையும் "ஞாபகம் இல்ல மினிஸ்டர்" என்றாள். கட்டளையைக் காப்பாற்றுகிறாள் என்று அந்த அம்மாளுக்குத் தோன்றவில்லை. பழைய எஜமானைக் காப்பாற்றுகிறாள் என்று தோன்றிவிட்டது. காரில் தொலைபேசியில் பேசுவதை நிறுத்தினார். பிறகு பின்பார்வைக் கண்ணாடியில் முகம் தெரியாதபடி ஓட்டுநருக்கு நேர் பின்னால் மாறி உட்கார்ந்தார்.

"எதையோ மறைக்கிறா அந்தப் பொம்பள," என்று இஷ்பெல் என் ஜன்னலில் வந்து முறையிட்டாள். பின்னால் இருப்பவருக்கு முன்னால் இருப்பவள் மேல் சந்தேகம். முன்னால் இருப்பவளுக்குப் பின்னால் இருப்பவர் மேல் சந்தேகம். ஒரு காருக்குள் இரண்டு பூனை.

மூன்றாவது வாரம் பழைய கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தது. வியாழக்கிழமை ஓட்டெடுப்பு. எல்லாரும் விரல் விட்டு எண்ணிப் பார்த்ததில் ஆறு மந்திரிகளின் தலையும் ஒரே ஆளின் கையில் வந்து நின்றது. பீபிள்ஸ் பக்கத்துச் சுயேச்சை உறுப்பினர் ஆடம் டர்ன்புல். செம்மறி ஆடு வளர்ப்பவர். தன் ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை மூடக்கூடாது என்ற ஒற்றைக் கோரிக்கையில் ஜெயித்து வந்தவர். ஓட்டெடுப்பு முடியும்வரை இரண்டு பக்கத்தாரையும் வாசலில் சேர்க்கமாட்டேன் என்று வானொலியிலேயே சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை என் பலகையில் எழுதினேன்: லோகன், பீபிள்ஸ், இரண்டு முதல் நாலு. காரணம் எழுதும் கட்டத்தைக் காலியாக விடச் சொன்னார்கள். விட்டேன். அன்று மதியம் தொலைபேசி ஓயவில்லை. ஒருவனுக்கு டயர் பஞ்சர். இன்னொருவனுக்கு விமான நிலையத்தில் யாரைக் கூட்டிவருவது என்று மறந்துவிட்டது. டன்பார் காரில் மூக்குக்கண்ணாடியை விட்டுவிட்டதாகச் சொன்னார். புது மந்திரி ஒருவரின் வீட்டில் நாய்க்கு உடம்பு சரியில்லை, கார் கிடைக்குமா என்று கேட்டார்கள், கிடைக்காது என்றேன்.

புதன்கிழமைப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் எங்கள் கார். பீபிள்ஸில் ஒரு பேக்கரிக்கு எதிரே நிற்கிறது. ஓட்டுநர் இருக்கையில் இஷ்பெல், வாயில் இறைச்சி அடைத்துச் சுட்ட ‘பை’ என்ற பண்டம் பாதி. பேக்கரிக்கு மேல் மாடியில் டர்ன்புல்லின் அக்கா வீடு. லோகன் அங்கிருந்து இறங்கி வருவது அடுத்த படத்தில். பேரம் நடந்ததா என்று கொட்டை எழுத்தில் கேட்டிருந்தார்கள். டர்ன்புல் காலைச் செய்தியில் வந்து, தன் அக்கா வீட்டு வாசலைப் படம் பிடிக்க வழி சொன்னவர்களுக்குத் தன் ஓட்டு கிடையாது என்று கர்ஜித்தார்.

பத்து மணிக்கு லோகனின் தனிச்செயலர் கிரெய்க் வந்தான். வெண்ணெய் தடவின மாதிரி பேசுகிற பையன். "யாரும் உங்க மேல குத்தம் சொல்லலைங்க," என்று இஷ்பெலிடம் ஆரம்பித்தான். அப்படி ஆரம்பித்தாலே குற்றம் சொல்லியாகிவிட்டது என்று அர்த்தம். எங்கே போகிறோம் என்பது தெரிந்தவர்கள் மந்திரி, அவன், இஷ்பெல் மூன்றே பேர் என்றான். வெள்ளிக்கிழமை முடிவு செய்வார்களாம். அதுவரை அவள் ஓட்டவேண்டாம், யார்டில் கார் கழுவட்டும் என்றான். முடிவு என்றால் என்ன என்று அவள் கேட்டாள். பிரிவில் வைத்திருப்பதா இல்லையா என்பதுதான் என்றான்.

இஷ்பெல் அழுகிற ஆள் இல்லை. வாளியை எடுத்துக்கொண்டு போனாள். மதியம் கேன்டீனில்தான் என்னிடம் சொன்னாள். "வேலை போனா போகட்டும் கென்னி. காட்டிக்கொடுத்தவள்னு பேரோட போகணுமா? லீத்ல நான் எப்படி நடப்பேன்?"

இரண்டு பேரும் உட்கார்ந்து, யார் காட்டிக்கொடுத்தார்கள் என்று அலசினோம். முதலில் கிரெய்க், நல்ல சட்டை போட்டிருக்கிறான், அவன் சம்பளத்துக்கு அது வராது. அப்புறம் பேக்கரிக்காரி, இறைச்சிப் பை கேட்டபோது இரண்டு தடவை காரைப் பார்த்தாள். அப்புறம் டர்ன்புல்லின் அக்கா. அப்புறம் லோகனே, டர்ன்புல் பின்வாங்காமல் இருக்க அவரே படக்காரனை வரவழைத்திருக்கலாம். டர்ன்புல்லையும் விடவில்லை. நானும் உற்சாகமாக நாலு பேரை எடுத்துக் கொடுத்தேன். அந்த பஞ்சர்க்காரனைக்கூடச் சேர்த்தோம். புதன், வியாழன் இரண்டு நாளும் இதே பேச்சு. என் பெயரை அவளும் சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை. மூன்றே பேருக்குத்தான் தெரியும் என்று கிரெய்க் சொன்னபோது, அவன் தலைக்கு மேலேயே என் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அவனும் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை ஓட்டெடுப்பில் ஆட்சி ஒரே ஓட்டில் பிழைத்தது. டர்ன்புல் சபைக்கே வரவில்லை. கிடாவுக்குக் காலில் புண்ணாம். யார் சொல்லி வந்த புண்ணோ, அது இன்றுவரை யாருக்கும் தெரியாது. பிரசவ வார்டு இன்னும் திறந்திருக்கிறது, அவ்வளவுதான் நமக்குத் தெரியும்.

அன்று மாலை ஐந்து மணி இருக்கும். ஜன்னல் வழியாக இஷ்பெல் தெரிந்தாள். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, தன் காரையே தேய்த்துக்கொண்டிருந்தாள். தொலைபேசி அடித்தது.

"கென்னி, என் கண்ணாடி கிடைச்சுதா? இஷ்பெல் எங்க இருக்கா?"

"யார்ட்ல சார், வண்டி கழுவிட்டு இருக்கா," என்றேன்.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். அதே குரல், அதே கேள்வி. பதில் என்னைக் கேட்காமலே வாயிலிருந்து போய்விட்டது. போன பிறகுதான் என் காதில் விழுந்தது. செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு மேல் நான் சொன்னதும் அப்படியே திரும்ப வந்தது: "பீபிள்ஸ்ல சார், நாலு மணி வரைக்கும். எப்பவும் பேக்கரி எதிர்லதான் நிறுத்துவா, இறைச்சிப் பை வாங்காம வரமாட்டா." எட்டு வருடமாகச் சொல்லிவந்த அதே தொனியில், பேனாவைக் காதில் செருகிக்கொண்டு சொல்லியிருந்தேன். எங்கள் ஊரில் இருந்து பீபிள்ஸ் முக்கால் மணி நேரம். படம் எடுத்தது மூன்றரைக்கு.

"செவ்வாக்கிழமை நீங்க பேப்பர்காரங்களுக்குச் சொன்னீங்களா சார்?" என்று கேட்டேன்.

அதே இனிப்போடு சொன்னார்: "நான் கண்ணாடியைத்தான் கேட்டேன், கென்னி. மீதியெல்லாம் நீயா சொன்னது." வைத்துவிட்டார்.

இப்போது நான் உத்தமன் வேஷம் போடப்போவதில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். அறையில் யாரும் இல்லை. அழைப்பு எதிலும் பதிவாகாது. டன்பார் வாயைத் திறக்கமாட்டார். திறந்தால் அவருக்கும் அசிங்கம். நான் சும்மா இருந்தால் போதும், வெள்ளிக்கிழமை தானாக வரும், போகும். எனக்கும் ஓய்வுக்கு ஐந்து வருடம் இருந்தது. பேக்கரிக்காரி மேல் பழி போட்டுவிட்டால் யாருக்கு நஷ்டம் என்றுகூட யோசித்தேன். இதையெல்லாம் யோசித்தேன் என்பது எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. வெளியே இஷ்பெல் குனிந்து காரின் அடிப்பாகத்தைப் பார்த்தாள். ஓட்டப்போவதில்லை என்று தெரிந்தும் பார்த்தாள். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

போய்ச் சொன்னேன். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையிலிருந்த பஞ்சிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். லீத்காரிகள் திட்டினால் துறைமுகத்தில் கப்பல் நகரும். அவள் திட்டவில்லை.

"என்ன கேட்டார்னு சொன்ன?"

"கண்ணாடி. கார்ல விட்டுட்டேன்னார்."

"அந்த ஆளு கண்ணாடியே போடமாட்டார், கென்னி."

எனக்கு அவர் குரல்தானே.

"ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்," என்றாள். பஞ்சைப் பிழிந்து வாளியில் போட்டுவிட்டு, கதவின் கைப்பிடியைத் துடைக்கத் தொடங்கினாள்.

அன்றே கடிதம் எழுதிக் கிரெய்க் கையில் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை லோகனே யார்டுக்கு வந்தார். நான் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். "உங்களைத் தப்பா நினைச்சிட்டேன்," என்று அவர் சொன்னது கேட்டது. "நானும்தான் மினிஸ்டர்," என்றாள் இஷ்பெல். லோகனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு சிரித்தார். அந்த நெற்றிக் கோடு இரண்டும் அன்றைக்குத்தான் கொஞ்சம் அழிந்து பார்த்தேன். என்னை நீக்கவில்லை. கடுமையாக ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். பலகைக்குத் திரை போட்டார்கள். தொலைபேசிக்கு மேல், கார் எங்கே என்று கேட்டால் சொல்லக்கூடாது என்று ஒரு தாளை ஒட்டினார்கள். அது எனக்கு மட்டுமான தாள் என்று யார்டில் எல்லாருக்கும் தெரியும்.

அந்த ஆட்சி நாற்பத்தெட்டு பேரை வைத்துக்கொண்டு நாலு வருடத்தையும் ஓட்டிவிட்டது. இஷ்பெல் இரண்டு வருடம் லோகனுக்கு ஓட்டிவிட்டு, நல்ல பெயரோடு ஓய்வு பெற்றாள். வழியனுப்பு விழாவில் கேக்கை மோந்து பார்த்துவிட்டுத்தான் தின்றாள். என்னோடு பேசுவாள், சிரிப்பாள், டேவியைப் பற்றிக் குறை சொல்வாள். எதுவும் மாறவில்லை என்றுதான் பார்ப்பவர்கள் சொல்வார்கள்.

ஆனால் அந்த வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை காலையை நான் மறக்கமாட்டேன். ஏழு மணிக்கு ஜன்னலுக்கு வந்தாள். பதினான்காம் எண் சாவியை எடுத்து நீட்டினேன். வாங்கினாள். வழக்கம்போலக் கோட்டுப் பைக்குப் போன கை பாதியில் நின்றது. வில்லையைத் திருப்பி எண்ணைப் படித்தாள். பிறகு யார்டுக்குள் போய், காரின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.